தாடியைப் போய்ப் பார்

அன்புள்ள செல்வா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. விஷயம் நம் சிநேகிதன் தாடியைப் பற்றியது.

போன வாரம் அவன் வீட்டில் தங்கினேன். ராத்திரி முழுக்க டவுன்ஸ் வான் ஸான்ட்டின் 'வெயிட்டின் அரௌண்ட் டு டை' பாட்டையே திரும்பத் திரும்பப் போட்டான். ஒப்பாரி மன்னன் என்பாயே, அதே டெக்ஸஸ் பாடகர்தான். எனக்காக ஒரு தரம் கடைசிவரை கேள். பாட்டில் வருகிறவன் சூது, குடி, ஊர் ஊராகத் திரிவது என்று எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறான். சாவுக்குக் காத்துக் கிடப்பதற்கு இது மேல் என்கிறான். ஒரு பெண்ணிடம் ஏமாறுகிறான், திருடிப் பிடிபடுகிறான், சிறைக்குப் போகிறான். வெளியே வந்ததும் கடைசிச் சரணத்தில், 'நல்ல சிநேகிதன் ஒருவன் கிடைத்துவிட்டான்' என்கிறான். சிநேகிதன் பெயர் கோடீன், போதை தரும் அபின் வகை மருந்து. இனி இருவரும் சேர்ந்தே காத்திருப்பார்களாம். இத்தனை நேரம் எதற்குப் பயந்து ஓடினானோ, அங்கேயே துணையோடு உட்கார்ந்துவிட்டான். வயிற்றைப் பிசைகிறதடா. அவர் ஆஸ்டினில் இதைப் பாடும்போது எடுத்த காட்சி இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் வயதான கொல்லரின் கன்னத்தில் நீர் வழிகிறது.

'குடித்து அழிந்தவனால்தான் இப்படி எழுத முடியும்' என்கிறான் தாடி. சுத்தப் பேத்தல். அவர் இதை எழுதியது இருபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில். 1968 முதல் 1972 வரை ஆறு இசைத்தட்டுகள் போட்டவர், குடி முற்றிய பிறகு புதுப் பாட்டுகளை முன்புபோல் அதிகம் எழுதவில்லை. 1996 டிசம்பரில் இடுப்பெலும்பு முறிந்து அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர்கள் தடுத்தும் கேளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். 1997 ஜனவரி 1 அன்று போய்விட்டார், 52 வயதில். குடி அவரிடமிருந்து பாட்டைப் பிடுங்கிக்கொண்டதே தவிர, எதையும் கொடுக்கவில்லை.

இப்போது கேள். தாடியின் அலமாரியில் இருமல் சிரப் பாட்டில்கள் இருக்கின்றன, லேபிள் சுவர்ப்பக்கம் திரும்பியபடி. எடுத்துப் பார்த்தேன், கோடீன். அவனுக்கு இருமலே கிடையாது. 'தூக்கம் வருதுடா, அவ்வளவுதான்' என்கிறான். அதன்மேல் குடியும். இரண்டும் சேர்ந்தால் தூக்கத்திலேயே மூச்சு மந்தமாகி நின்றுவிடலாம், செல்வா. அன்று இரவு நான் கண்ணை மூடவில்லை. அவன் மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ போய்ப் பார். திட்டாதே. 'இன்றோடு விட்டுவிடு' என்று சத்தியம் எதுவும் வாங்கிவிடாதே. வருஷக்கணக்காகக் குடிப்பவன் வைத்தியம் இல்லாமல் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு, பிதற்றல் என்று உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரிடம் கூட்டிப் போ. சிரப்பையும் மறைக்காமல் சொல்லச் சொல். மொட்டைமாடி விவகாரத்துக்குப் பிறகு அவன் உன் பேச்சை மட்டும்தான் கேட்கிறான். எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை உண்டு, ஆனால் இப்போது அதுதான் உதவப் போகிறது.

அடுத்த மாதம் லீவு போட்டுவிட்டு வந்து அவனோடு இருக்கப் போகிறேன். அதுவரை நீ தினமும் ஒரு நடை போய் வா. போனில் விசாரித்தால் சமாளித்துவிடுவான். நான் எழுதியதை அவனிடம் சொல்லாதே. டாக்டர் என்ன சொன்னார் என்று அன்றைக்கே கூப்பிட்டுச் சொல்.

உன்,
கணேசன்