எங்கள் மதிய வகுப்புக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள ரங்கூன் உறவுகளுக்கு வணக்கம்.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று எங்கள் மதிய வகுப்பிலிருந்து ஒன்பது பிள்ளைகள் வெள்ளைச் சட்டையும் பச்சை லுங்கியுமாகப் பள்ளிக்குப் போனார்கள். கன்னம் நிறைய தனக்கா மரப்பட்டைப் பூச்சு, தோளில் பை. அந்த ஒன்பது பேரில் ஆறு பேர் போன வருஷம் இதே நேரத்தில் சாயாக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர்கள். அவர்களை அந்த வாசல்வரை கொண்டுவந்து சேர்த்தவர்கள் நீங்கள்தான். ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துச் சொல்ல எனக்கு ஆசை, முடியவில்லை. பெயர் போடவே கூடாது என்று பலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். சரி, பெயரில்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தொடங்கிய காலத்தில் நாங்கள் நோட்டு, பென்சில், பை என்று வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் ஆசையாக வாங்கிக்கொண்டு போவார்கள், இரண்டு மூன்று மாதத்தில் காணாமல் போவார்கள். ஒரு வீட்டுக்குத் தேடிப் போனேன். அந்த அம்மா கொடியில் துணி போட்டுக்கொண்டே சொன்னார்: "நோட்டெல்லாம் பத்திரமா இருக்கு சயாமா (டீச்சரம்மா). ராத்திரிக்கு அரிசிதான் இல்லை." பையன் சாயாக்கடைக்கு வேலைக்குப் போயிருந்தான். அவனுடைய சம்பளத்தில் பாதி வருஷத்துப் பணத்தை அவன் அப்பா முன்பணமாக வாங்கி, ஆஸ்பத்திரிக் கடனைக் கட்டிவிட்டார். முன்பணம் கழியும்வரை அவன் கடையில்தான் இருக்க வேண்டும், ராத்திரி அங்கேயே பெஞ்சில்தான் படுக்க வேண்டும். அவனுக்கு அப்போது பதினொரு வயது.

2019இல் வந்த சிறுவர் உரிமைச் சட்டம் 14 வயது நிறையாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது. 2018இல் குறைந்தபட்சக் கூலி ஒரு நாளைக்கு 4,800 கியாட் என்று ஆனபோது, பத்துப் பேருக்குக் குறைவாக ஆள் வைத்திருக்கும் கடைகளுக்கு அது கிடையாது என்றார்கள். தெருமுனைச் சாயாக்கடைகள் பலவும் அந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். 2015இல் எடுத்த தொழிலாளர் கணக்கெடுப்பிலேயே 5 முதல் 17 வயதுவரை உள்ள பிள்ளைகளில் 11 லட்சம் பேருக்கு மேல் குழந்தைத் தொழிலாளர்கள் என்று வந்தது. அதற்கப்புறம் கொரோனா வந்தது, 2021இல் ராணுவ ஆட்சி வந்தது, அரிசி விலை ஏறிய ஏற்றம் உங்களுக்குத் தெரியாததல்ல.

பிள்ளை கொண்டுவரும் கூலிக்கு ஈடாக வீட்டுக்கு ஏதாவது போகாமல் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அந்த அம்மா சொன்ன பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. நோட்டை நிறுத்திவிட்டு அரிசி கேட்டு உங்களிடம் வந்தேன்.

சூரத்தி பஜார் பக்கத்து அரிசிக்கடை அண்ணாச்சி, உங்களுக்கு என் முதல் வணக்கம். நான் கேட்டது ஐந்து வீட்டுக்கு. நீங்கள் ஒன்பது வீட்டுக்குத் தந்தீர்கள், ஒரு மாதம்கூடத் தவறவில்லை. எட்டுப் பால் டின் ஒரு ப்யி, இருபத்துநாலு ப்யி ஒரு மூட்டை. அந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்து அவர்கள் கையாலேயே அளக்க வைத்தீர்கள். தலைதட்டி அளக்க வேண்டாம், கோபுரமாக அள்ளு என்று நீங்கள் சொன்னதை ஒரு சின்னப் பெண் இன்றும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

முன்பணத்தை அடைத்து நான்கு பிள்ளைகளை விடுவித்தவர்களில் மூன்று பேர் ஒரே கூட்டுக்குடும்பம். ஒருவர் யாரென்று எனக்கே தெரியாது. கோயில் ஐயர் கையில் கவர் ஒன்று வந்தது, அவ்வளவுதான். நீங்கள் எங்கிருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

சாயாக்கடை பாய்க்குத் தனியாக எழுத வேண்டும். உங்கள் கடையில் பிள்ளைகள் வேலை செய்தார்கள் என்பதற்காக உங்களைத் திட்டத்தான் நான் வந்தேன். நீங்கள் என்னை உட்கார வைத்து, வெறுந்தேநீர் ஊற்றிக்கொடுத்து, மதியம் ஒரு மணியிலிருந்து மூன்று மணிவரை கடையில் கூட்டம் இருக்காது, அந்த நேரத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், கூலியில் பிடிக்க மாட்டேன் என்றீர்கள். மதிய வகுப்பு என்பதே உங்கள் யோசனை. அது எவ்வளவு நல்ல யோசனை என்று போகப் போகத்தான் தெரிந்தது. பகல் வெளிச்சத்தில் கரண்ட் போனாலும் பாடம் நிற்பதில்லை, பொழுது சாய்ந்த பிறகு பிள்ளைகளைத் தெருவில் அனுப்பும் பயமும் இல்லை.

பாய் கடையிலிருந்து வந்த பையன் முதல் வாரம் பாதி நேரம் நின்றுகொண்டே இருந்தான். நம் ஊர்ச் சாயாக்கடையில் ஆள் கூப்பிட உதட்டைக் குவித்து முத்தம் கொடுப்பதுபோல ஒரு சத்தம் போடுவார்களே, வெளியே தெருவில் யாராவது அப்படிச் செய்தால் போதும், பாடத்தின் நடுவில் துள்ளி எழுந்துவிடுவான். கை தானாகத் தோளுக்குப் போகும், அங்கே துடைக்கிற துணி இருக்காது. ஏழு சாயா, நாலு சமோசா, இரண்டு பலாட்டா என்றால் மொத்தத்தை நொடியில் சொல்வான். ஆனால் பலகையில் ஏழு என்ற எண்ணை எழுதத் தெரியாது. இப்போது எழுதுகிறான், கூட்டுகிறான், பெருக்குகிறான். சத்தம் கேட்டால் இப்போதும் தலை திரும்புகிறது, ஆனால் எழுந்திருப்பதில்லை.

ஓய்வுபெற்ற பர்மியப் பள்ளி சயாமா இரண்டு பேருக்கும் நன்றி. எழுபது வயதில் பஸ் ஏறி வந்து, தமிழ் வீட்டுப் பிள்ளை, பர்மிய வீட்டுப் பிள்ளை என்று பார்க்காமல் பர்மிய எழுத்தைக் கையைப் பிடித்து எழுத வைத்தீர்கள். கோயில் நிர்வாகத்தாருக்கு: பின்கட்டு மண்டபத்தை வாடகையில்லாமல் தந்ததோடு, வெள்ளிக்கிழமை அன்னதானத்தில் முதல் பந்தியைப் பிள்ளைகளுக்கு என்று வைத்தீர்கள்.

புத்த மடத்துப் பள்ளியின் மூத்த பிக்கு சயாடோ அவர்களை நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது. பத்து, பதினொரு வயதுப் பிள்ளையை ஆறு வயதுப் பிள்ளைகளோடு உட்கார வைக்கலாமா என்று வேறு இடங்களில் தயங்கினார்கள். சயாடோ, உட்காரட்டும், தம்பி தங்கைகளுக்கு உதவியாக இருக்கும் என்றார். காலையில் பாத்திரம் ஏந்திப் பெற்ற சோற்றில்தான் மதியம் அந்தப் பிள்ளைகள் சாப்பிடுகிறார்கள். பள்ளிக் கட்டணம் கிடையாது, சொல்லிக்கொடுப்பது அரசாங்கப் பாடத்திட்டம்தான்.

இரண்டு பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்று இல்லை. ஓர் அலுவலகத்தில் அவர்களுடைய அம்மாக்களை நாலு தரம் திருப்பி அனுப்பினார்கள், ஒவ்வொரு தரமும் ஒரு நாள் கூலி போனது. 1982 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம்மவர்களில் பல குடும்பங்களுக்குக் காகிதம் என்றாலே வயிறு கலங்கும். ஐந்தாவது தரம் கூடவே போய், வரிசையில் நின்று, குடும்பப் பட்டியலைக் காட்டிப் பேசி முடித்துக்கொடுத்த தையல்கார அக்கா, உங்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன். பச்சைத் துணி அத்தனையும் தைத்ததும் நீங்கள்தான், கூலி வாங்காமல்.

அரிசி இன்னும் ஒரு வருஷமாவது போக வேண்டும். அண்ணாச்சி ஒருவர் தலையில் முழுவதையும் ஏற்றுவது நியாயமில்லை. முடிந்தவர்கள் மாதம் ஒரு ப்யி என்று சொன்னாலே போதும், மண்டபத்தில் வந்து அளந்து கொடுத்துவிட்டுப் போகலாம்.

பத்தாவதாக ஒரு பெண் பள்ளிக்குப் போயிருக்க வேண்டும். திறப்பதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் வீட்டு வாடகை கொடுக்க முடியாமல் குடும்பத்தோடு பெகு பக்கம் போய்விட்டாள், போன் நம்பரும் மாறிவிட்டது. பெகுவில் இருக்கும் உறவுகள் யாராவது பார்த்தால் சொல்லுங்கள். அவளுக்குத் தைத்த பச்சை லுங்கி பீரோவில் இருக்கிறது. அக்கா ஓரத்தை இரண்டு விரல் மடித்துத் தைத்திருக்கிறார், பிரித்துவிட்டால் அடுத்த ஜூனுக்கும் சரியாக இருக்கும்.

அன்புடன்,
மதிய வகுப்புச் சயாமா
ரங்கூன்