மீட்டர் முள்ளும் வெள்ளைத் தூணும்

மதுரை

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. முழங்கால் வலி குறைந்து நீ மறுபடியும் காலையில் நடக்கத் தொடங்கியிருப்பது நிம்மதியைத் தந்தது. பணி ஓய்வுக்குப் பின் கேமராவில் எல்லாவற்றையும் கையால் திருப்பி வைக்கும் இந்த மேனுவல் பித்து எனக்கு எதற்கு, கேமராவே கணக்குப் போட்டுக்கொள்ளும் ஆட்டோவில் வைத்து அமுக்கினால் படம் விழாதா என்று கேட்டிருந்தாய். விழும். எப்படி விழுகிறது என்பதுதான் என் குறை.

கார்த்திகையில் ஒரு மாலை திருமலை நாயக்கர் மகாலில் ஆட்டோவிலேயே பத்துப் பன்னிரண்டு படம் எடுத்தேன். வீட்டில் பார்த்தபோது அந்த வெளிர்நிறச் சுதைத் தூண்களெல்லாம் அடுப்புச் சாம்பல் பூசியதுபோல் மங்கிக் கிடந்தன. கறுப்பு வேட்டி கட்டிய ஐயப்ப பக்தர்கள் சிலர் குறுக்கே வந்த ஒரு படத்தில் மட்டும் அதே தூண்கள் பளீரென்று வெளுத்திருந்தன. வெயிலும் மாறவில்லை, நான் நின்ற இடமும் மாறவில்லை. கேமராவுக்குள் ஒளியை அளக்கும் மீட்டருக்குப் பொருள் எதுவென்று தெரியாது. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணியே கணக்குப் போடுகிறது, வெள்ளையைக் கண்டால் ஒளியைக் குறைக்கிறது, கறுப்பைக் கண்டால் கூட்டுகிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

மறுவாரம் மேனுவலில் போனேன். ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 200, ஒளி நுழையும் துவாரமான அப்பர்ச்சர் எஃப் 8 என்று நிறுத்தி, சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரில் தூணை மட்டும் பார்த்தேன். ஷட்டர் திறந்திருக்கும் நேரம் நொடியில் 250இல் ஒரு பங்கு என்றபோது மீட்டர் முள் நடுவில் நின்றது. அதை மீறி 125இல் ஒரு பங்குக்கு இறக்கினேன், அதாவது ஒரு ஸ்டாப் கூடுதல், இரு மடங்கு ஒளி. தூண் தன் நிறத்துக்கு வந்தது. அதன்பின் யார் குறுக்கே போனாலும் தூணின் நிறம் மாறவில்லை. தூண் இல்லாத இடத்தில் அதே வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்து அளந்து ஒரு ஸ்டாப் கூட்டிக்கொள்கிறேன். அதுவும் பெரும்பாலும் சரியாகவே வருகிறது.

ஆனால் பட்ட அவமானத்தையும் சொல்லிவிட வேண்டும். அழகர்கோவிலில் தம்பி பேத்திக்குக் காதுகுத்து. இருட்டு மண்டபத்துக்குள் ஐஎஸ்ஓ 1600, எஃப் 2.8, நொடியில் 60இல் ஒரு பங்கு என்று வைத்து எடுத்துக்கொண்டிருந்தவன், எல்லாரும் வெளியே வந்து தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்காரவைத்தபோது எதையும் மாற்ற மறந்தேன். வெயிலில் திரையும் சரியாகத் தெரியவில்லை. ஏறக்குறைய பத்து ஸ்டாப், கிட்டத்தட்ட ஆயிரம் மடங்கு வெளிச்சம் கூடுதல்; குழந்தை அழுத அந்த நொடி வெறும் வெள்ளைத்தாளாக நிற்கிறது. தம்பி மருமகள் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது நியாயமும்தான். இப்போதெல்லாம் வாசற்படி தாண்டும்போது, செருப்பைத் தேடுமுன் டயலைத் தொட்டுப் பார்க்கிறேன்.

சித்திரைக்கு நீ வரும்போது பரணில் கிடக்கும் உன் பென்டாக்ஸ் கே1000 ஃபிலிம் கேமராவையும் எடுத்து வா. பேட்டரி செத்திருந்தால் மீட்டர்தான் வேலை செய்யாது, ஷட்டர் ஓடும். நல்ல வெயிலுக்கு எஃப் 16 வைத்து, ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணையொட்டி ஷட்டரை வைத்தால் போதும்: 100 ஃபிலிமுக்கு நொடியில் 125இல் ஒரு பங்கு. ஃபிலிம் நான் வாங்கி வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்