அந்த போனை அடிக்க விடுங்கள்: ஓடிடி நிறுவனத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் நீங்கள் மட்டும்தான் இதைச் செய்கிறீர்கள் என்று ஆகிவிடும், மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள். உங்கள் வாடிக்கையாளர் சேவைக்கு நான் மூன்று முறை எழுதியிருக்கிறேன். மூன்று முறையும் "உங்கள் அனுபவம் எங்களுக்கு மிகவும் முக்கியம்" என்று பதில் வந்தது. அதனால் விஷயம் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 'பிளாக் கிறிஸ்துமஸ்' படத்தின் கடைசிச் சில நிமிடங்களை நீங்கள் ஓடவிடாமல் மூலைக்குச் சுருக்கிவிடுகிறீர்கள், அதுதான். 2006 ரீமேக்கும் இல்லை, 2019 ரீமேக்கும் இல்லை. பாப் கிளார்க் டொராண்டோவில் எடுத்து 1974ல் வெளிவந்த அசல் படம். கல்லூரி மாணவிகள் தங்கும் வீட்டின் பரணில் ஒளிந்துகொண்டு, அவர்களுக்கே போன் போட்டு மிரட்டி ஒவ்வொருவராகக் கொல்பவனின் கதை.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் கொண்டாடும் வழக்கம் இல்லை. பக்கத்து வீட்டிலிருந்து கேக் வரும். அதைத் தின்றபடி இந்தப் படத்தைப் பார்ப்போம். பத்துப் பன்னிரண்டு வருடமாக அதுதான் எங்கள் கிறிஸ்துமஸ். கடந்த டிசம்பர் 24 அன்று கூடுதலாக இரண்டு காரணங்கள் இருந்தன. கதாநாயகி ஜெஸ்ஸாக நடித்த ஒலிவியா ஹஸ்ஸி 2024 டிசம்பர் 27ல் காலமானார், அவர் போனபிறகு வந்த முதல் கிறிஸ்துமஸ் அது. இன்னொன்று, கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும் அக்கா மகன் வந்திருந்தான். படத்தை அவன் பார்த்ததே இல்லை. "ஐம்பது வருஷப் பழைய பேய்ப்படமா மாமா?" என்று சிரித்துக்கொண்டேதான் உட்கார்ந்தான். பேய்ப்படம் இல்லடா, ஸ்லாஷர், ஒருத்தன் வரிசையா ஆட்களைக் கொல்ற படம், இந்த வகைக்கே பாட்டன் என்றேன். முக்கால் மணி நேரத்தில் கையிலிருந்த செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டான். அதைவிடப் பெரிய விமர்சனம் இந்தக் காலத்தில் கிடையாது.

படம் முடியும் இடம் உங்களுக்கு நினைவிருக்கும் என்று நம்புகிறேன். ஜெஸ் மயக்க மருந்தில் கட்டிலில் கிடக்கிறாள். கொலைகாரன் செத்துவிட்டான் என்று முடிவுகட்டிய போலீஸ் ஒவ்வொருவராகக் கிளம்புகிறது. விளக்குகள் அணைகின்றன. கேமரா காலியான வீட்டுக்குள் மெல்ல நகர்ந்து பரணுக்குப் போகிறது. படம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே கொல்லப்பட்ட மாணவி கிளேர், முகத்தில் பிளாஸ்டிக் உறையோடு இன்னும் அந்த ஆடும் நாற்காலியிலேயே இருக்கிறாள். யாருமே பரணில் தேடவில்லை. கொலைகாரனின் முனகல் குரல் கேட்கிறது. அப்புறம் வெளியிலிருந்து வீடு. வாசலில் ஒரே ஒரு போலீஸ்காரர். உள்ளே போன் அடிக்கத் தொடங்குகிறது.

ஒரு மணி. இரண்டாவது மணி.

அவ்வளவுதான் எங்களுக்குக் கொடுத்துவைத்தது. படம் சுருங்கித் தபால்தலை அளவில் ஒரு மூலைக்குப் போனது. மீதித் திரை முழுக்கச் சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஓர் ஆள், கையில் நாய்க்குட்டி. 'அடுத்து' என்று ஐந்து, நான்கு, மூன்று. ரிமோட் கேக் தட்டுக்கு அடியில் மாட்டியிருந்தது. எடுப்பதற்குள் கிணுகிணுவென்று மணிச்சத்தத்தோடு ஏதோ ஒரு கிறிஸ்துமஸ் காதல் படம் ஆரம்பித்துவிட்டது. அக்கா மகன் திரும்பி, "முடிஞ்சிடுச்சா மாமா? நல்லாருந்துச்சு" என்று சொல்லிவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டான்.

அப்பாதான் கேட்டார்: "போன் அடிச்சுதே, அது என்னாச்சு?"

அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முப்பத்து மூன்று வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். பெரும்பகுதி, கடகடவென்று சத்தம் போடும் பழைய ஸ்டிரௌஜர் எக்ஸ்சேஞ்சுகளில். அவருக்குத் திகில் படம் என்றாலே ஆகாது. இதை மட்டும் பார்ப்பார், ஒரு காட்சிக்காக. ஜெஸ் கொலைகாரனோடு போனில் பேசிக்கொண்டிருக்கும்போது, எக்ஸ்சேஞ்சில் ஓர் ஆள் ஆளுயர ரேக்குகளுக்கு நடுவே ஓடி ஓடி அந்த அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடுவான். அந்தக் காலத்தில் அழைப்பு என்பது கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய பாதை. அடிக்கிற போனின் ஸ்விட்சிலிருந்து பின்னோக்கி, ரேக் ரேக்காகப் போக வேண்டும். லைன் பிடிபட்டிருக்கும் வரைதான் பாதை இருக்கும், எதிராளி வைத்துவிட்டால் எல்லாம் உதிர்ந்துவிடும். அதனால்தான் போலீஸ் ஜெஸ்ஸிடம், எப்படியாவது பேச்சை இழு என்கிறது. அந்தப் பாதை கடைசியில் வந்து நிற்பது அதே வீட்டில், வார்டன் அம்மாவின் தனி லைனில்.

முதல் தடவை டிவிடியில் போட்டுக் காட்டியபோது அப்பா அந்தக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இவன் சரியாத்தான் ஓடுறான்" என்றார். கடைசியில் போன் அடித்தபோது அவரால் உட்கார முடியவில்லை. பெயர்கள் மேலே போய்க்கொண்டே இருக்கின்றன, பாட்டு எதுவும் இல்லை, போன் மட்டும் அடிக்கிறது. "யாராச்சும் எடுங்கப்பா" என்று பாதி எழுந்துவிட்டார். அடுப்படியிலிருந்து அம்மா, "நம்ம போனா?" என்று கேட்டாள்.

நம்ம போனா? 1974ல் எடுத்த படம் டொராண்டோவிலிருந்து எங்கள் அடுப்படி வரைக்கும் வந்தது அந்த மணிச்சத்தத்தில்தான் ஐயா. அதைத்தான் இரண்டாவது மணியோடு நிறுத்தியிருக்கிறீர்கள். தயவுசெய்து அந்த போனைக் கடைசி வரை அடிக்க விடுங்கள்.

'வெறும் எண்ட் கிரெடிட்ஸ்தானே, இதற்கா இவ்வளவு?' என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். முக்கால்வாசிப் படங்களுக்கு நானும் அதையேதான் கேட்பேன். ஆனால் இது காதால் பார்க்க வேண்டிய படம். கொலைகாரனின் முகம் கடைசி வரை தெரியாது, கதவிடுக்கில் ஒரு கண் தெரிவதோடு சரி. கேமராவைத் தோளில் கட்டிக்கொண்டு பெர்ட் டங்க் என்ற கேமரா ஆபரேட்டரே வீட்டுச் சுவரில் ஏறியிருக்கிறார். திரையில் நாம் பார்ப்பது அவன் பார்வையை, அவனை அல்ல. அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் போனில் வரும் குரல்தான். ஒரே தொண்டையில் ஆணும் பெண்ணும் குழந்தையும் மாறிமாறிச் சண்டை போடும். அந்தக் குரல் கொடுத்தவர்களில் ஒருவரான நிக் மன்குசோ, தொண்டை இறுகிக் கேட்க வேண்டும் என்று தலைகீழாக நின்று பேசிப் பதிவு செய்ததாகச் சொல்லியிருக்கிறார். இசையமைத்த கார்ல் சிட்டரர் பியானோக் கம்பிகளில் முள்கரண்டி, சீப்பு, கத்தியெல்லாம் கட்டி வாசித்தார். இப்படிச் சத்தத்தாலேயே கட்டிய வீட்டில் கடைசிச் சத்தத்தை உருவிவிட்டால் என்ன மிச்சம்?

நான்கு வருடம் கழித்து 1978ல் வந்த 'ஹாலோவீன்' தன் கொலைகாரனுக்கு முகமூடியும் பெயரும் கொடுத்தது. பிறகு அவனுக்குக் குடும்பக் கதை, அதற்கும் பின்னால் வரிசையாகப் படங்கள். நல்ல படம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் இங்கே ஒன்றும் கிடையாது. அவன் யார், ஏன் இப்படி, அவன் கூப்பிடும் ஏக்னஸ் யார், எதற்கும் பதில் இல்லை. ஜெஸ்ஸின் கதையும் அப்படித்தான். கர்ப்பத்தைக் கலைத்துவிடப் போகிறேன் என்று காதலனிடம் சத்தமில்லாமல் சொல்கிறாள். கனடாவில் மருத்துவமனைக் குழு ஒப்புதல் தந்தால்தான் அது சட்டப்படி நடக்கும் என்றிருந்த காலம். படம் அவளுக்கு உபதேசமும் செய்யவில்லை, தண்டனையும் தரவில்லை. காதலன்தான் குதிக்கிறான். போலீஸும், ஒரு கட்டத்தில் அவளும், அவன்தான் கொலைகாரன் என்று நம்பிவிடுகிறார்கள். அவனை அவள் கையாலேயே கொன்றும் விடுகிறாள். கேஸ் முடிந்தது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

அப்போதுதான் போன் அடிக்கிறது. தப்பான ஆள் செத்திருக்கிறான் என்று நமக்கு உறுதிசெய்வது அந்த மணிதான். ஜெஸ்ஸுக்கு அடுத்து என்ன ஆகும் என்று இரவு முழுக்க யோசிக்க வைப்பதும் அதுதான். படம் முடிந்துவிட்டது என்று நீங்கள் விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்புகிறீர்களே, படத்தில் வரும் போலீஸ்காரர்கள் செய்வதும் அச்சு அசல் அதேதான். பரணில் தேடிப் பார்க்காமல் போன அந்த போலீஸ்காரர்களுக்கு உங்கள் நிறுவனத்தில் நல்ல வேலை கிடைக்கும். மன்னிக்கவும், கோபத்தில் வந்துவிட்டது.

இந்த முடிவு சும்மா வந்ததும் இல்லை. படத்தை அமெரிக்காவில் விநியோகித்த ஸ்டுடியோவுக்கு இது பிடிக்கவில்லை. கிளேரின் காதலன் உள்ளே வந்து, நான்தான் கொலைகாரன் என்று காட்டிக்கொண்டு ஜெஸ்ஸைக் கொல்வதுபோல் மாற்றச் சொன்னார்கள். கிளார்க் மறுத்துவிட்டார். படத்தின் பெயரை மாற்றினார்கள், அமெரிக்காவில் முதலில் 'சைலண்ட் நைட், ஈவில் நைட்' என்ற பெயரில்தான் ஓடியது. பெயர் போனாலும் முடிவு பிழைத்தது. ஸ்டுடியோவிடம் தப்பி, ஐம்பது வருடம் தாண்டி வந்த முடிவு, உங்கள் ஐந்து விநாடிக் கவுண்டரிடம் மாட்டிக்கொண்டது. கிளார்க் இருந்திருந்தால் அவரே உங்களுக்கு எழுதியிருப்பார். 2007ல் குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவன் மோதியதில் மகனோடு சேர்ந்து இறந்துபோனார். இதே மனிதர்தான் 1983ல் 'எ கிறிஸ்துமஸ் ஸ்டோரி' எடுத்தவர். காற்றுத் துப்பாக்கிக்கு ஏங்கும் சிறுவனின் அந்தக் கதையை அமெரிக்க டிவியில் கிறிஸ்துமஸுக்கு இருபத்து நான்கு மணி நேரமும் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். அவருடைய ஒரு படத்துக்கு முழுசாக ஒரு நாள் கொடுக்கும் உலகத்தில், இன்னொன்றுக்குச் சில நிமிடம் கேட்கிறேன்.

சரி, உங்களை மட்டும் சொல்லி என்ன பயன். கிளைமாக்ஸ் சண்டை முடிவதற்குள் வாசற்கதவைத் திறந்து வெளிச்சத்தை உள்ளே விடும் தியேட்டர்களில் வளர்ந்தவர்கள் நாங்கள். 'வணக்கம்' கார்டை முழுதாகப் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஆனால் அங்கே டிக்கெட் கிழிப்பவருக்கு அடுத்த காட்சிக் கூட்டத்தை உள்ளே விடும் அவசரம் இருந்தது. உங்களுக்கு என்ன அவசரம்? என் வீட்டு சோபாவில் அடுத்த காட்சிக்கு யார் வரிசையில் நிற்கிறார்கள்? தொடக்கத்தைத் தவிர்க்க ஒரு பட்டன், முன்கதையைத் தவிர்க்க ஒரு பட்டன், முடிவைத் தவிர்க்க பட்டனே வேண்டாம், அது தானாக நடக்கும். 'படத்தையே தவிர்க்கவும்' என்று ஒன்று வைத்துவிட்டால் சந்தாவைக் கட்டிவிட்டு நேரத்தோடு தூங்கிவிடுவோம். சந்தாவை ஏற்றும்போது அனுப்பும் அறிவிப்பை மட்டும் கடைசி வரி வரை உருட்டினால்தான் 'சம்மதம்' பட்டன் வருகிறது. அதைச் சுருக்கி மூலையில் போட உங்களுக்குத் தோன்றியதே இல்லை.

கேட்க வந்ததை விட்டுவிட்டேன். உங்கள் சேவைப் பிரிவு, 'அடுத்த நிகழ்ச்சி தானாக ஓடுவதை அமைப்புகளில் நிறுத்திக்கொள்ளலாம்' என்று பதில் போட்டது. நிறுத்தினேன். சிவப்பு ஸ்வெட்டர் ஆள் தானாக ஓடவில்லை, உண்மை. ஆனால் படம் இன்னும் மூலைக்குத்தான் போகிறது. அதைத் தேர்ந்தெடுத்துப் பெரிதாக்குவதற்குள் நாலைந்து மணி அடித்து முடிந்துவிடுகிறது. எழுபத்தெட்டு வயது அப்பா ரிமோட்டில் அதைச் செய்வார் என்று எதிர்பார்க்கிறீர்களா?

ஒவ்வொரு படத்துக்கும் பெயர்கள் ஓடத் தொடங்கும் நேரத்தை நீங்கள் குறித்து வைத்திருப்பதால்தான் அந்த இடத்தில் சரியாகச் சுருங்குகிறது. இந்த ஒரு படத்துக்கு அந்தக் குறியைக் கடைசி விநாடிக்குத் தள்ளிவைத்தால் போதும். ஒரே ஒரு எண்ணை மாற்ற வேண்டும். எல்லாப் படத்துக்கும் செய்யுங்கள் என்று கேட்கவில்லை, அந்த அளவுக்கு ஆசையும் இல்லை. இந்த போனை மட்டும் அடிக்க விடுங்கள் என்று மிகப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

வருகிற டிசம்பர் 24 இரவு ஒன்பதரைக்கு டிவி முன்னால் உட்காருவோம். அக்கா மகனையும் திரும்ப வரச் சொல்லியிருக்கிறேன். பார்த்த படம்தானே மாமா என்றான். இல்லடா, நீ இன்னும் முழுசாப் பார்க்கல என்றேன்.

இப்படிக்கு,
தவறாமல் சந்தா கட்டும் ஒருவன்

பி.கு.: பதில் எழுதினால் தயவுசெய்து ஒரு மனிதரை எழுதச் சொல்லுங்கள். தொலைபேசியில் கூப்பிட்டாலும் சரிதான். எங்கள் வீட்டில் முதல் மணியிலேயே அப்பா எடுத்துவிடுவார்.