அந்த ஒரு வசனத்துக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு மகளிர் பக்கத்தில், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி பற்றி வந்த கட்டுரையின் கடைசிப் பந்தியில் இப்படி ஒரு வசனம் இருந்தது: "கட்டுப்பாடாக வளர்க்கப்படும் பெண்பிள்ளைகளுக்கு இந்த ஊசி தேவைதானா என்பதைப் பெற்றோர் ஆற அமர யோசிக்க வேண்டும்."

மறுநாளே எங்கள் தொடர்மாடியில் கீழ்வீட்டுப் பிள்ளையின் தாய், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த சம்மதத் துண்டைக் கையெழுத்து வைக்காமல் திருப்பி அனுப்பிவிட்டார். பிள்ளை தரம் 6. ஏன் என்று கேட்டேன். "பேப்பரிலயே போட்டிருக்கினம் ரீச்சர், எங்கட பிள்ளைக்கு ஏன் உந்த ஊசி?" என்றார். படித்தவர், வங்கியில் வேலை பார்ப்பவர். தங்கள் பத்திரிகையில் வருவதை அப்படியே நம்புகிற வீடு அது.

ஐயா, என் அக்காவைப் பற்றிச் சொல்கிறேன். அத்தானைத் தவிர வேறொரு ஆண்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தவள் அல்ல. வெள்ளிக்கிழமை விரதம் தவறவிட்டதில்லை. மாதவிடாய் நின்றபின் திரும்பவும் இரத்தம் பட்டபோது ஒருவருக்கும் சொல்லாமல், விடிய முன்னரே எழும்பி உடுப்பை வாளியில் தானே அலசி, துவாய்க்குக் கீழே மறைத்துக் காயப்போட்டாள். மாதக் கணக்காக. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கதிர்ச் சிகிச்சைக்கென்று கிருலப்பனையில் 138 பஸ் ஏறிப் போய்வந்த காலத்திலும், கேட்பவர்களுக்கு "வயிற்றில் ஒரு கட்டி" என்றே சொல்லச் சொன்னாள். கெட்ட நடத்தைக்காரருக்கு வரும் நோய் என்று சனம் பேசும் என்ற பயம். நோய் அவளைக் கொண்டுபோனது உண்மை. அவள் வாயை அடைத்து வைத்தது அந்தப் பேச்சு. அதே பேச்சைத்தான் தங்கள் கட்டுரையாளர் நாகரிகமான தமிழில் எழுதியிருக்கிறார்.

தாங்கள் அறியாததல்ல. எச்.பி.வி. என்ற இந்த வைரஸ் உடலுறவின்போது தோலோடு தோல் பட்டுத் தொற்றுவது. தாம்பத்தியம் நடத்துகிறவர்களில் பெரும்பாலானோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றும். புருசன் ஒரு அறிகுறியும் இல்லாமல் சுமந்திருக்கலாம், அவருக்கே தெரியாது. பத்தில் ஒன்பது பேருக்கு இரண்டு வருடத்துக்குள் உடம்பே அதை விரட்டிவிடும். விரட்ட முடியாமல் போகிறவர்களில் சிலருக்கு அது 15, 20 வருடம் சத்தமில்லாமல் கருப்பைக் கழுத்தின் கலங்களை மாற்றிக்கொண்டே இருந்து புற்றுநோயில் கொண்டுபோய் விடுகிறது. 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே இந்தப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 வீதத்துக்குக் காரணம். இதைக் கண்டுபிடித்த ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். இதில் பிள்ளையின் வளர்ப்பு எங்கே வருகிறது?

பத்து, பதினொரு வயதில் ஏன் போட வேண்டும் என்றும் கட்டுரை கேட்கிறது. ஏற்கெனவே தொற்றியதை ஊசி அகற்றாது, தொற்றுவதற்கு முன்பு போட்டால்தான் முழுப் பலன் என்பதால்தான். அந்த வயதில் உடம்பு எதிர்ப்புச் சக்தியையும் நன்றாக உண்டாக்கும். உயிருள்ள வைரஸ் அதில் இல்லை, வெளிக்கூட்டுப் புரதம் மட்டுமே. பிள்ளைப்பேறு இல்லாமல் போகும் என்பது வெறும் வதந்தி. 2017இலிருந்து நம் நாட்டில் தரம் 6 பெண்பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுக்கிறார்கள். 1996இல் ருபெல்லா ஊசி வந்தபோது, கருவிலுள்ள குழந்தையைக் காப்பதற்கென்று கன்னிப்பிள்ளைகளுக்கும் போட்டார்கள். என் வகுப்பில் ஒரு தாயும் அதை மானப் பிரச்சினையாக்கவில்லை.

விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. இனப்பெருக்கப் பாடம் வரும்போது "இதை வீட்டில் வாசியுங்கோ" என்று பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போன ஆசிரியர்களோடுதான் நான் இத்தனை வருடம் வேலை செய்தேன். வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது? அக்காவைக் கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு முதன்முதல் கூட்டிப்போனபோது தமிழ் தெரிந்த ஒருவரும் அந்த அறையில் இல்லை. பதின்மூன்று வயது மகள், தாய்க்கு எங்கேயிருந்து, எவ்வளவு இரத்தம் போகிறது என்பதைத் தலையைக் குனிந்தபடி சிங்களத்தில் சொன்னாள். அந்தப் பிள்ளை இன்றுவரை அதைப் பற்றிக் கதைப்பதில்லை. அப்போது தங்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். அது வெளிவரவில்லை. இடமில்லை என்றிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு ஞாயிறும் ராசிபலனுக்கு முழுப் பக்கம் இருக்கிறது. ஒக்டோபர் வந்தால் மார்பகப் புற்றுநோய்க்கு இளஞ்சிவப்பில் அனுபந்தம் வருகிறது, அது வரவேண்டியதுதான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்கு மட்டும், அதன் விழிப்புணர்வு மாதமான ஜனவரியில் ஒரு மூலைச் செய்தி கூட இல்லை. 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் கருப்பைக் கழுத்தின் கலங்களை எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனையை இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்பது என் வயதுப் பெண்களில் எத்தனையோ பேருக்கு இன்னும் தெரியாது. அக்காவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அதே மகளிர் பக்கத்தில், அதே இடத்தில், ஒரு மகப்பேற்று வைத்திய நிபுணரைக் கொண்டு அந்த வசனம் பிழை என்று எழுதுவியுங்கள். ஊசியைத் தவறவிட்ட பிள்ளையின் பெற்றோர் தங்கள் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் விசாரிக்கலாம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். வருகிற ஞாயிறே வந்தால் நல்லது. பள்ளிக்கூடத்தில் ஊசி போடும் நாளுக்கு முன் அந்தப் பக்கத்தைக் கீழ்வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.