தம்பி வீட்டு நோட்டு

மதுரை

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. தம்பிக்கு அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனிச் செலவை நினைத்துக் கலங்க வேண்டாம் என்று நீ எழுதியிருந்ததைத் தம்பி மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், வரவு செலவு எழுதும் நோட்டை எடுத்துவந்து என் முன் வைத்தாள்.

பித்தப்பையிலிருந்து நழுவிய கல் ஒன்று கணைய நாளத்தின் வாயை அடைத்ததால், கணையம் தன் செரிமான நீராலேயே அரிக்கப்பட்டு, ஒரு பகுதி அழுகிவிட்டது. உடனே வயிற்றைத் திறந்து அதை எடுத்துவிடும்படி உறவினர் எல்லாரும், நான் உட்பட, மருத்துவரை நெருக்கினோம். அவர் இசையவில்லை. அழுகலைச் சுற்றி உறைபோல் ஒரு சுவர் பிடிக்க நான்கு வாரமாவது ஆகும், அதற்கு முன் கைவைத்தால் நல்ல திசுவும் சேர்ந்து போகும், இரத்தப்போக்கைக் கட்டுப்படுத்துவதும் கடினம் என்றார். முதலில் ஸ்கேன் பார்த்து இடுப்புப் பக்கம் குழாய் செருகிச் சீழை வடித்தார்கள். அது போதாமல் போன பிறகுதான், 5ஆவது வாரத்தில், அதே வழியாகச் சிறு துளையிட்டு அழுகலை எடுத்தார்கள்.

நெதர்லாந்தில் 88 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2010இல் வெளியான ஆய்வைப் பற்றிப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். இப்படிப் படிப்படியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 35 விழுக்காட்டினருக்குக் குழாயே போதுமானதாக இருந்திருக்கிறது. வயிற்றைத் திறந்து செய்ததைவிடச் செலவும் 12 விழுக்காடு குறைவு. புதிதாகச் சர்க்கரை நோய் வந்தவர்கள், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 38 விழுக்காடு, படிப்படியாகச் செய்தவர்களில் 16 விழுக்காடு. தம்பி அந்த 16இல் ஒருவனாகிவிட்டான்.

அரசு மருத்துவமனைக்கு மாற்றுவதற்கு முன், தனியார் மருத்துவமனையில் இருந்த 11 நாட்களுக்கு மட்டும் 4 லட்சத்து 30 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. அந்தக் கடனை அடைத்துவிடலாம் என்ற தைரியம் எனக்கு உண்டு. என்னை வருத்துவது நோட்டின் பின்பக்கங்கள்தான். கணையம் கெட்டு வரும் சர்க்கரை நோயில் இன்சுலின் மட்டுமன்று, சர்க்கரை தாழும்போது அதை ஏற்றிவிடும் சுரப்பும் குறைந்துவிடுவதால், இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் அவன் ஒரு வேளை சாப்பாடு தள்ளிப்போனாலும் வியர்த்து மயங்கி விழுகிறான். ஆகவே நாளுக்கு மூன்று நான்கு முறை விரலில் குத்திப் பார்த்தாக வேண்டும். சோறு செரிக்க நொதி மாத்திரையும் வேண்டும். இன்சுலின் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. மற்றவை மாதம் 7,000 ரூபாயைத் தொடுகின்றன. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு என்றாலும், மருத்துவமனையில் சேர்ந்தால்தான் அது கைகொடுக்கும். வீட்டில் நாள்தோறும் கரையும் இந்தப் பணத்துக்கு அதில் வழியில்லை. அவனுடைய தையல் கடையோ ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது.

தம்பி மனைவி இப்போது விரலில் குத்திய இரத்தத்தை வைத்துப் பார்க்கும் பரிசோதனைப் பட்டையை மிச்சம் பிடிக்கிறாள். "ராத்திரி பார்க்கவில்லை, நன்றாகத்தான் தூங்கினார்" என்று ஒரு தேதிக்கு எதிரே எழுதியிருந்ததைப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. இரவில் சர்க்கரை தாழ்ந்தால் தூக்கத்திலேயே நினைவு தப்பக்கூடும் என்பதால், பட்டைக்கான பணத்தை இனி நான் மாதம் முதல் தேதியே அனுப்பிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டு ஆண்டுக்கு முன்பே அவனுக்கு வலி வந்து, பித்தப்பையை எடுத்துவிடச் சொல்லியிருந்தார்கள். 45,000 ரூபாய்க்குப் பயந்து தள்ளிப்போட்டான், நானும் வற்புறுத்தவில்லை. உன் வீட்டில் தங்கைக்கும் கல் இருப்பதாகவும், சாப்பிட்ட பின் வலது விலாவின் கீழ் வலிப்பதாகவும் எழுதியிருக்கிறாய். வலியில்லாத கல்லைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடலாமாம்; வலி தரும் கல் அப்படியன்று. இந்த வாரமே மருத்துவரிடம் அழைத்துப் போ. பணம் குறைந்தால் எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்