ஆடியும் ஆட்டமும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்து மூன்று வாரம் ஆகிறது. சோம்பலால் தள்ளிப்போடவில்லை. வானம் தெளிவாக இருந்துவிட்டது, அவ்வளவுதான். மேகம் போட்டால் எழுதிக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு ராத்திரியும் மாடிக்குப் போய்விட்டேன். நேற்றிலிருந்து ஒரே மூட்டம். இதோ, உட்கார்ந்துவிட்டேன்.

முட்டிவலி எப்படி இருக்கிறது? படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருந்தாய். நீ கேட்ட கேள்விக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு, பிறகு வருகிறேன். எனக்கு மூக்குக்கண்ணாடிப் பவர் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. மற்றபடி சௌக்கியம்.

மகள் டெலஸ்கோப் கேட்கிறாள், விலை குறைந்த ஆடித் தொலைநோக்கி, அதாவது லென்ஸுக்குப் பதில் கண்ணாடி ஆடி வைத்தது, போதுமா என்கிறாய். 1986இல் ஹாலி வால்நட்சத்திரம் பார்க்க விடிகாலையில் எழுந்து போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே பஞ்சுத் துணுக்கு மாதிரி ஏதோ தெரிந்தது. அதுதான் என்றாய் நீ. மேகம் என்றேன் நான். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. மறுபடி அது வருவது 2061இல். தீர்ப்பை உன் மகள்தான் சொல்லியாக வேண்டும், அதனால் தாராளமாக வாங்கிக் கொடு.

எதை வாங்குவது என்பதில்தான் சிக்கல். என்னிடம் இருப்பது 114 மி.மீ. அகல ஆடி, 900 மி.மீ. குவியத் தூரம், அதாவது ஆடியிலிருந்து ஒளி குவியும் இடம் வரைக்கும் உள்ள தூரம். இந்த ரகத்தில் அடிமட்டத்துக்கு ஒரு படி மேல். வாங்கிய புதிதில் நான்கு மாதம் அதைத் திட்டாத நாள் இல்லை. பரணில் தூக்கிப் போட்டுவிடலாம் என்றுகூட இருந்தேன். இப்போது யார் கேட்டாலும் கொடுக்க மாட்டேன். கோளாறு ஓரிடத்தில் இருந்தது, நான் திட்டியது வேறோரிடத்தை. இது புரிய எனக்கு நான்கு மாதம் ஆனது.

முதலில் ஆடியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இருட்டில் நம் கண்பாவை விரிந்தால் 7 மி.மீ. வரும், நம் வயதில் அதுவும் வராது. 114 மி.மீ. ஆடி அந்த 7 மி.மீ. கண்ணைப்போல ஏறத்தாழ 265 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. அதே காசுக்குக் கிடைக்கும் லென்ஸ் தொலைநோக்கி பெரும்பாலும் 70 மி.மீ.தான் இருக்கும். அதைவிட இது இரண்டரை மடங்குக்கு மேல். லென்ஸ் என்றால் ஒவ்வொரு நிறத்தையும் ஒவ்வோர் இடத்தில் குவிக்கும், அதனால் விலை குறைந்த லென்ஸில் பிரகாசமான பொருளைச் சுற்றி ஊதா விளிம்பு தெரியும். ஆடிக்கு அந்தத் தொல்லையே கிடையாது. லென்ஸின் இந்த நிறக் கோளாறு தீராது என்று நினைத்துத்தான் நியூட்டன் 1668இல் உலோக ஆடி வைத்துக் குட்டித் தொலைநோக்கி செய்தார். குழாயின் அடியில் குழி ஆடி, வாய்ப் பக்கத்தில் சாய்த்து வைத்த சின்னத் தட்டை ஆடி, பக்கவாட்டில் கண் வைக்கும் இடம். என் மாடியில் நிற்பதும் அதே அமைப்புத்தான்.

விலை குறைந்தவற்றில் ஆடியைப் பரவளைய வடிவில் தேய்க்காமல் வெறும் கோள வடிவில் விட்டுவிடுவார்கள் என்று யாராவது உன்னைப் பயமுறுத்தலாம். உண்மைதான். ஆனால் 114க்கு 900 என்பது மாதிரிக் குழாய் நீளமாக இருந்தால் கோள ஆடியே போதும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. நியூட்டனின் ஆடியும் கோள வடிவம்தான். ஹாட்லி என்பவர் நல்ல பரவளைய ஆடி செய்து காட்டியது 1721இல். குழாய் குட்டையாகக் குட்டையாகத்தான் இந்த விஷயம் கடிக்க ஆரம்பிக்கும்.

சரி, அப்படியானால் நான் திட்டியது எதை? ஆடி நன்றாக இருந்தது, மற்றதெல்லாம் ஆடியது. மெல்லிய அலுமினியக் கால், அதன்மேல் எடைக்கல் தொங்கும் ஈக்வடோரியல் மவுன்ட், அதாவது வானம் சுழல்வதற்கு ஏற்பச் சாய்ந்த அச்சில் திரும்பும் தாங்கி. 90 மடங்கு வைத்து வியாழனைப் பிடித்து, ஃபோகஸ் திருகைத் தொட்டால் போதும், கிரகம் தேனீ மாதிரி சுற்றும். கையை எடுத்துவிட்டு நான்கைந்து வினாடி காத்திருக்க வேண்டும். அதற்குள் அது நகர்ந்து போயிருக்கும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறதே. அந்தப் பெருக்கத்தில் தெரியும் வட்டத்தின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்பார்களே, அப்படித்தான் என்னை நானே நொந்துகொண்டேன். என் விஷயத்தில் கூடமும் கோணல்தான்.

தீர்வு அற்பமானது. காலை நீட்டவே கூடாது. முழுக்க உள்ளே தள்ளிக் குட்டையாக நிறுத்தி, நடுத்தட்டிலிருந்து தண்ணீர் நிரப்பிய ஒரு கேனைத் தொங்கவிட்டு, நான் முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். ஆட்டம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. கழுத்துவலி மட்டும் போகவில்லை. இந்த மவுன்டில் குழாயைத் திருப்பத் திருப்ப, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் ஒரு நேரம் வானத்தைப் பார்க்கும், ஒரு நேரம் தரையைப் பார்க்கும். வளையத்தைத் தளர்த்திக் குழாயையே உருட்ட வேண்டும், உருட்டினால் பிடித்த கிரகம் போய்விடும்.

அதனால் உனக்கு இந்த மவுன்ட் வேண்டாம். டாப்சோனியன் என்று ஒன்று இருக்கிறது. மரப்பலகைப் பெட்டியில் குழாய் உட்கார்ந்திருக்கும், மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் தள்ளினால் போதும். ஜான் டாப்சன் என்பவர் சான் பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்துத் துறவியாக இருந்தவர். மடத்தில் இருந்தபடியே கப்பல் சன்னல் கண்ணாடியைத் தேய்த்து ஆடியாக்கி, தெருவில் போகிறவர்களைக் கூப்பிட்டு நிலாவைக் காட்டினார். 1967இல் மடத்தை விட்டு வெளியே வந்த பிறகு வாழ்நாள் முழுக்க அதே வேலை. காசு காலுக்குப் போகாமல் ஆடிக்குப் போக வேண்டும் என்பது அந்தப் பெட்டியின் தத்துவம். மேசைமேல் வைக்கும் சின்ன ரகமே 114, 130 மி.மீ. அளவில் வருகிறது. ஒரே துண்டு, ஒரு கையில் தூக்கலாம். என்னுடையதைக் கால், எடைக்கல், குழாய் என்று இரண்டு நடையாகத்தான் மேலே கொண்டுபோக வேண்டும். உன் முட்டியை விசாரித்தது இதற்காகத்தான். ஆட்டம் இல்லாத கனமான மேசையோ ஸ்டூலோ ஒன்று வேண்டும், அதை மறந்துவிடாதே.

இன்னொரு கோளாறுக்கு நானே பொறுப்பு. ஆடித் தொலைநோக்கி வீணை மாதிரி, சுருதி சேர்க்காமல் வாசிக்க முடியாது. இரண்டு ஆடியும் ஒரே நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். காலிமேஷன் என்பார்கள். என்னுடையது வண்டியில் குலுங்கி வந்ததில் கலைந்திருந்தது, நான்கு மாதம் அதைத் தொடவே பயந்தேன். நட்சத்திரம் ஒவ்வொன்றும் வால் முளைத்த மாதிரி தெரிந்தது. ஹாலியைப் பார்க்காத குறை தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் நடுவில் ஓட்டை போட்ட ஒரு மூடியை ஐபீஸ் இடத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே பின்பக்கத்து மூன்று ஸ்க்ரூக்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினேன். பத்து நிமிட வேலை. ஃபோகஸைக் கலைத்து ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தால் வளையத்துக்குள் தெரியும் கறுப்பு வட்டம் நட்டநடுவில் இருக்க வேண்டும். இருந்தது. அன்றைக்குச் சனியின் வளையம் கோளை விட்டுப் பிரிந்து, நடுவில் இருட்டோடு தெரிந்தது. ராத்திரி ஒன்றரை மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பிவிட்டேன், யாரும் சந்தோஷப்படவில்லை.

மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்கு ஒரு சௌகரியம். கிட்டப்பார்வை, தூரப்பார்வை எதுவானாலும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஃபோகஸைத் திருகினால் சரியாகிவிடும். சிலிண்டர் பவர் அதிகமாக இருந்தால்தான் கழற்ற முடியாது.

இப்போது நீ அனுப்பிய படத்துக்கு வருகிறேன். அந்தப் பெட்டியில் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. உன் மகளுக்குப் பிடித்ததும் அதுவாகத்தான் இருக்கும். கணக்கைப் பார். ஆடி 76 மி.மீ., குவியத் தூரம் 700, கூட வரும் ஐபீஸ் 4 மி.மீ., வகுத்தால் 175 மடங்கு. அதன் முன்னால், பெருக்கத்தை இன்னும் கூட்டும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸைச் செருகினால் 525. கணக்குச் சரி, காட்சிதான் இருக்காது. ஆடியின் மி.மீ. அளவைப்போல இரண்டு மடங்குக்கு மேல் பெருக்கினால் படம் மங்கிக் கலங்கிப் போகும். 76 மி.மீ. ஆடிக்கு 150 என்பதே நல்ல இரவில் எட்டும் உச்சம். நிஜத்தில் நான் பார்ப்பதெல்லாம் 36, 90 இரண்டில்தான், 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ். கூட வந்த 4 மி.மீ. எங்கே கிடக்கிறது என்றே தெரியாது. பின்னால் காசு இருந்தால் பிளாசல் என்ற ரகத்தில் ஒரு நல்ல ஐபீஸ் வாங்கிச் சேர், அதே ஆடி வேறு ஆடி மாதிரி இருக்கும்.

இரண்டாவது படம் அதைவிட மோசம். குவியத் தூரம் 1000 என்கிறார்கள், குழாயோ அரை மீட்டர் நீளம்கூட இல்லை. ஃபோகஸ் குழாய்க்குள் ஒரு லென்ஸைப் பொருத்தி நீளத்தை இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். படம் அவ்வளவு கூர்மையாக இருக்காது. அந்த லென்ஸ் நடுவில் நிற்பதால் காலிமேஷனும் புதியவர்களுக்கு வசப்படாது. குழாயின் நீளமும் எழுதியிருக்கும் எண்ணும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் விட்டுவிடு.

என்ன தெரியும் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை. நிலாவில் ஏமாற்றமே இல்லை. பௌர்ணமியைவிட அரை நிலாவில் பார்க்கச் சொல், ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டில்தான் பள்ளங்கள் எழுந்து நிற்கும். வியாழனில் இரண்டு பட்டைகளும், கலிலியோ 1610இல் கண்ட நான்கு துணைக்கோள்களும் தெரியும். முதல் நாள் மூன்று இந்தப் பக்கம், மறுநாள் இரண்டு அந்தப் பக்கம் என்று அவை இடம் மாறுவதை அவளை நோட்டில் வரைய வைத்துப் பார். ஆனால் ஓரியன் நெபுலா என்ற வாயு மேகம் படத்தில் இருப்பது மாதிரி சிவப்பாக இருக்காது, சாம்பல் புகைதான். மங்கிய ஒளியில் நம் கண் நிறம் காணாது. ஆண்ட்ரோமீடா என்ற விண்மீன் கூட்டம் ஓர் அழுக்குப் பஞ்சு மாதிரி இருக்கும், அந்த ஒளி கிளம்பி 25 லட்சம் வருஷம் ஆயிற்று என்று தெரிந்தவர்களுக்குத்தான் அதில் சுவாரசியம். எல்லாம் தலைகீழாகத் தெரியும். தெருக்கோடி வீட்டையும் மரத்தில் இருக்கும் பறவையையும் பார்ப்பதற்கு இது உதவாது. அவளுக்கு அந்த ஆசையும் இருந்தால் 10x50 பைனாகுலர் வாங்கிக் கொடுத்துவிடு.

வந்த அன்றைக்கே ராத்திரியில் பிரித்துப் பூட்டாதீர்கள். பகலில் தூரத்துக் கோபுரம் ஒன்றைக் குறிவைத்து, குழாய்மேல் இருக்கும் குறிபார்க்கும் சின்னக் கருவியை, அதாவது பைண்டரை, சரிசெய்துகொள்ளுங்கள். என் முதல் ராத்திரி முழுக்க நிலாவைத் தேடியே போனது, நிலாவை! பார்ப்பதற்கு அரை மணி முன்னால் வெளியே வைத்துவிட்டால் ஆடி வெளிச் சூட்டுக்குப் பழகும், படம் நெளியாது. ஆடியில் தூசி தெரிந்தால் கைக்குட்டையால் துடைத்துவிடாதே. தூசி ஒன்றும் செய்யாது, அலுமினியப் பூச்சில் விழும் கீறல்தான் செய்யும்.

இதைச் சிரிக்காமல் படி. பெட்டியில் ஐபீஸில் திருகும் கறுப்பு சூரிய ஃபில்டர் இருந்தால் அன்றைக்கே உடைத்துக் குப்பையில் போடு. ஆடி குவிக்கும் வெப்பமெல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில்தான் வந்து விழும். அது விரிசல் விட்டால் கண் போய்விடும், இமைப்பதற்குக்கூட நேரம் இருக்காது. குழாயைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது, பகலில் அவள் தனியாக இருக்கும்போது மூடி போட்டே இருக்கட்டும்.

அவள் வேறு எதையாவது பார்த்து வைத்திருந்தால் படம் அனுப்பாதே, படத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. குழாயின் பக்கத்தில் சின்ன எழுத்தில் இரண்டு எண்கள் இருக்கும், ஆடியின் அகலமும் குவியத் தூரமும். அந்த இரண்டையும், குழாய் எவ்வளவு நீளம், எதன்மேல் நிற்கிறது என்பதையும் எழுது. அடுத்த கடிதத்துக்கு மூன்று வாரம் ஆகாது, இங்கே மேகம் இன்னும் கலையவில்லை.

அன்புடன்,
உன் பழைய நண்பன்