அப்பாவுக்கு, அம்மாவின் வங்கிப் புத்தகம் பற்றி

அப்பா,

போன் எடுத்தால் "இரு, அம்மாகிட்ட குடுக்கிறேன்" என்பதோடு சரி. அதனால்தான் எல்லாரும் வாசிக்கிற இந்த இடத்தில் எழுதுகிறேன். மேட்டு லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற பையன்கள் யாராவது இதை உங்களுக்கு முன்னே வாசித்துவிட்டு, அப்புறம் போனைக் கொண்டுவந்து உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுவார்கள். தெரிந்துதான் எழுதுகிறேன். தெரிந்திருப்பதால் சில விஷயங்களை எழுதவும் மாட்டேன். அவை உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், போதும்.

ஹட்டன் வங்கியில் நடந்ததை ஆளாளுக்கு ஒவ்வொரு மாதிரி சொல்லியிருப்பார்கள். அம்மா தேயிலைத் தோட்டத்தில் உழைத்துச் சேர்ந்த சேமலாப நிதிப் பணத்தை அம்மாவின் பெயரிலேயே நிலையான வைப்பில் போட்டோம். கூட்டுக் கணக்கு இல்லை. நான் சொல்லித்தான் அம்மா கையெழுத்துப் போட்டார் என்றால், ஆமாம், நான்தான் சொன்னேன். நீங்கள் சாவு வீட்டுக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துச் செய்தோம் என்பதில்தான் உங்களுக்குக் கோபம். அதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் இருந்திருந்தால் அம்மா பஸ் ஏறியிருக்க மாட்டார் அப்பா. வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

தம்பியைக் கட்டாருக்கு அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் கட்ட வேண்டிய பணத்தை நானே தருகிறேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன். அதை அவன் உங்களிடம் சொன்னானோ என்னவோ. ஆகவே அவன் வாழ்க்கையை நான் கெடுத்துவிட்டதாகக் கோயிலடியில் பேச வேண்டாம்.

சம்பள நாள் ஒன்று ஞாபகத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. நான் சாதாரண தரம் எழுதிய வருஷம். பத்தாம் திகதி. ஸ்கூல் சப்பாத்தின் அடி பிளந்து, மழையில் காலுறை ஊறிப் போகும். உங்களுக்குக் கவ்வாத்து, தேயிலைச் செடி வெட்டுகிற வேலை, ஒரு மணிக்கே முடிந்துவிட்டது. மேல் கழுவி, வெள்ளைச் சட்டை போட்டு, என்னையும் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனீர்கள். அம்மா மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அவருக்கு நாலரைக்குத்தான் கடைசி நிறுவை. எங்கள் தோட்டத்தில் பெண்பிள்ளை சம்பளத்தைப் புருஷன் வாங்குவதற்கு யாரும் தனியாக விதி எழுத வேண்டியிருக்கவில்லை. சம்பளம் கொடுக்கிற நேரத்தில் மலையை விட்டு இறங்கியிருந்தது ஆம்பிளைகள்தான்.

கிளாக்கர் இரண்டு சம்பளத் துண்டையும் தள்ளிவிட்டு, "என்ன, இந்த மாசம் பொண்டாட்டி முந்திட்டா?" என்றார். அம்மாவுக்கு மேல்கிலோ, அதாவது அளவுக்கு மேல் பறித்த கொழுந்துக்கான காசு, நிறைய விழுந்த மாசம். கியூவில் நின்றவர்கள் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். பிறகு அம்மாவின் துண்டை நான்காக மடித்து உங்கள் துண்டுக்குள் வைத்தீர்கள். இரண்டு பேருடைய நோட்டுகளும் ஒரே பைக்குள் போயின. டவுனில் சப்பாத்தை என் காலில் மாட்டி, பெருவிரல் எங்கே நிற்கிறது என்று குனிந்து அழுத்திப் பார்த்தீர்கள். "அடுத்த வருஷமும் போடணும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கினீர்கள். எனக்குத் தேத்தண்ணியும் பனிசும் சொன்னீர்கள், உங்களுக்கு எதுவும் சொல்லவில்லை.

அப்பா வாங்கித் தந்த சப்பாத்து என்று லயம் முழுக்கக் காட்டித் திரிந்தேன். அம்மாவிடமும் அப்படித்தான் சொன்னேன். கொழுந்துக் கறை ஏறிக் கருத்த விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு, அப்பாவுக்குச் சொன்னியா?" என்றார். உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார் அப்பா. அம்மா மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

அந்த மாசம் மிச்சப் பணம் எங்கே போனது என்று இங்கே எழுத மாட்டேன்.

அப்பாயி காலத்தில் கூலியே வேறு வேறு. 1927இல் வந்த சம்பளச் சட்டம் ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு அதைவிடக் குறைவு, பிள்ளைக்கு அதைவிடவும் குறைவு என்று எழுதியே வைத்தது. 1984இல்தான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்கூலி வந்தது. அம்மா தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிந்தது அதற்குப் பிறகு. ஆகவே பேச்சு வரும்போதெல்லாம் "தோட்டத்துல ஆம்பிளை பொம்பிளை எல்லாருக்கும் ஒரே சம்பளம்" என்று நீங்கள் சொல்வது பொய்யில்லை. கவ்வாத்து, கான் வெட்டு, மருந்தடிப்பு எல்லாம் அளந்து கொடுக்கிற வேலை. முடித்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், வீட்டுக்குப் போகலாம். கொழுந்துக்காரிக்கும் அதே ஒரு பேர்தான், ஆனால் நாலரை வரை. சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்த பிறகு கிலோ குறைந்தால் அரைப்பேர். அதற்கப்புறம் விறகு, தண்ணி, சோறு.

மத்தியானத்துக்குப் பிறகு நீங்கள் சும்மா இருந்தீர்கள் என்று நான் சொல்லவில்லை. லீக்ஸ் பாத்தியில் நீங்கள் முதுகு வளைத்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். கவ்வாத்துக் கத்தி பட்ட உங்கள் கணுக்கால் தழும்பும் தெரியும். ஆனால் லீக்ஸ் காசு உங்கள் காசு, மேல்கிலோ காசு குடும்பக் காசு. இந்தக் கணக்கை யார் போட்டது?

நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு ஆர்ப்பாட்டம் நடந்தபோது முன்வரிசையில் நின்றீர்கள். அந்தப் படத்தை இன்னும் வைத்திருக்கிறேன். 2016 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 500, 2019இல் 700. ஆயிரம் வர 2021 மார்ச் ஆனது. வந்த கையோடு பல தோட்டங்களில் ஒரு பேருக்குப் பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டினார்கள். நம் தோட்டத்திலும் கூட்டினார்கள். கூட்டிய கிலோ யார் கூடையில் விழுந்தது? 2024இல் 1350 ஆனபோதும் கிலோவைப் பற்றிய பயம்தான் அம்மாவுக்கு முதலில் வந்தது. தொழிற்சங்கத்தில் சந்தா கட்டுகிற பெண்கள் எத்தனை பேர், கொழும்பில் சம்பளப் பேச்சு மேசைக்குப் போய் உட்கார்ந்தவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று நான் கேட்டால் உங்களுக்குப் பிடிக்காது. நம் தலைவர் உங்களுக்கு மச்சான் முறை. விட்டுவிடுகிறேன்.

எனக்குப் பிறகு என் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்த பையனுக்கு என்னைவிட அதிகச் சம்பளம் என்று தெரிந்த அன்று உங்களுக்குத்தான் முதலில் போன் பண்ணினேன். "அவனுக்குக் குடும்பம் இருக்கு" என்று ஆபீசில் சொன்ன பதிலையும் சொன்னேன். நீங்கள் போட்ட சத்தம் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்டிருக்கும். "உன் உழைப்பு அது, விடாத, போய்க் கேளு" என்றீர்கள். போய்க் கேட்டேன். என்ன நடந்தது என்று இங்கே எழுத முடியாது, ஆபீஸ் ஆட்களும் இதை வாசிப்பார்கள். ஆனால் நீங்கள் அப்படிக் கத்தாவிட்டால் அந்தக் கதவை நான் தட்டியே இருக்க மாட்டேன். அதே வாயால் அம்மாவின் பணத்தை "நம்ம காசு" என்கிறீர்கள். உங்கள் சேமலாப நிதியைக் கூரைக்கும் அண்ணன் கல்யாணத்துக்கும் எடுத்தபோது அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? நான் கேட்டுப் பார்த்தேன். அம்மாவுக்குத் தொகைகூடத் தெரியவில்லை.

வங்கியில் படிவத்தை நிரப்பிய பிள்ளை "அம்மா, இது உங்களுக்கு மட்டுமா?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், வேண்டுமென்றேதான். கொஞ்ச நேரம் கழித்து "எனக்குத்தான்" என்றார். கையெழுத்து நடுங்கியது, இரண்டாவது படிவம் வாங்க வேண்டியதாயிற்று. வெளியே வந்ததும் முதல் பேச்சே "அப்பாவுக்குக் கண் மங்குது, டொக்டர்கிட்டக் காட்டணும்" என்பதுதான். என்ன செய்ய இந்த அம்மாவை!

வட்டி மாதாமாதம் அம்மாவின் கணக்கில் விழும். கார்டும் அம்மாவிடம்தான் இருக்கும். எங்கே என்று கேட்டு என் தங்கச்சியை மிரட்ட வேண்டாம், அவளுக்குத் தெரியாது. உங்களுக்குக் காசு வேண்டுமென்றால் அம்மாவிடம் கேளுங்கள். கொடுப்பதும் கொடுக்காததும் அவர் பாடு. கொடுக்காதே என்று நான் சொல்லித் தரவில்லை.

கண் கிளினிக்குக்கு நான் இருக்கிற இடத்தில் நம்பர் எடுத்துவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை. காலை முதல் பஸ்ஸில் இரண்டு பேரும் ஏறிவிடுங்கள், பழைய மருந்துத் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பஸ் காசு அம்மா தருவார்.

உங்கள் மகள்